பாளயத்துக்குப் புறம்பே நீண்ட கரம்



நம் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் ஒரு தொழுநோய் மருத்துவமனை உண்டு. 1947-ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், டாக்டர் ராபர்ட் காக்ரேனைக் காண அங்கே வந்தார். விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து, இறுகப் பற்றும்படி கேட்டார். வலிக்கும் அளவுக்குப் பிடி உறுதியாக இருந்தது. செத்துப்போனதாகக் கருதப்பட்ட கையில் உயிருள்ள தசைகள் இருந்தன! அந்த அறிவே பின்னர் முடங்கிய கைகளைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சைகளுக்கு வழிதிறந்தது. பற்றிப் பார்த்த கரத்திற்கே அந்த உண்மை தெரிந்தது.

மாற்கு முதலாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். குஷ்டரோகி பாளயத்துக்குப் புறம்பே தனித்திருக்க வேண்டும் என்பது பிரமாணம். நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனைத் தூரத்திலிருந்தே வார்த்தையினால் குணமாக்கிய ஆண்டவர், இவனையும் அவ்வாறே குணமாக்கியிருக்கலாம். ஆயினும் தொட்டார். அதன்பின் ஆசாரியனிடம் சென்று தன்னைக் காண்பிக்கும்படி அவனை அனுப்பினார். பிரமாணத்தை அவர் இகழவில்லை. அதைக் காரணம் காட்டி இரக்கத்தைத் தவிர்க்கவுமில்லை.

நாமோ? கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் தொழுநோயும் மணமுறிவுக்கு ஒரு காரணமாக இருந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சையால் இந்நோய் குணமாகும் காலம் வந்து பல ஆண்டுகள் கடந்த பின்னரே, 2019-இல் அது நீக்கப்பட்டது. வியாதியிலும் கைவிடேன் என்று பலிபீடத்தின் முன் உறுதிகூறும் நாம் அதற்காக எவ்வளவு குரல் கொடுத்தோம்?

சபைக்கு ஒழுங்குமுறைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாலாற்றுக்குக் கரைகள் வேண்டும். ஆனால் மணல் மட்டும் கிடக்கும் ஆற்றின் கரைகள் எவருடைய தாகத்தைத் தீர்க்கும்? உபவாசமும் காணிக்கையும் ஆராதனை முறைகளும் அன்பைச் சுமந்து செல்லும் கரைகள். அன்பு வற்றிய இடத்தில் அவை வெறும் மேடுகளே.

அருமையானவர்களே, வெண்ணாடை அணிந்து ஞாயிறு தவறாமல் வருகிறீர்கள், நன்று. பின்வரிசையில் தனியே அமர்ந்திருப்பவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? நோயுற்றவரின் வீட்டில் ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிப் பருகினீர்களா? சாதியின் பெயரால் நம் முன்னோர் விலக்கியவர்களின் வீட்டுப் பந்தியில் அமர்ந்தீர்களா?

இயேசு வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்றும், நாமும் பாளயத்துக்குப் புறம்பே அவரிடத்திற்குப் போகவேண்டும் என்றும் எபிரெயர் நிருபம் 13-ஆம் அதிகாரம் போதிக்கிறது. ஆகவே இந்த வாரம் ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். அவர் கையைப் பற்றுங்கள். நம் ஆண்டவர் அங்கே நமக்கு முன்பாகவே சென்றிருக்கிறார்.

கர்த்தருடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.