முத்திரை சொல்லாத செய்தி

நிலாவெளியிலே இரவில் எவரேனும் படலையைத் தட்டினால், "யாரது?" என்று கேளாமல் நாம் திறப்பதில்லை. கணினித் திரையிலோ, "வெளியிட்டவர் யாரெனத் தெரியவில்லை; இயக்கலாமா?" என்ற எச்சரிக்கையை வாசியாமலே 'ஆம்' என்று அழுத்திவிடுகின்றோம். கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்திலே பயிலும் மாணவர்களும் இதற்கு விலக்கல்லர்.

இணையப் பக்கத்தினுள் ஓடும் சிறு நிரல்களுக்கு அப்லெட் என்று பெயர். அவற்றின் வழியாகத் தீங்கு பெருகவே, 2014 ஜனவரியில் வந்த ஜாவா பதிப்பு, நம்பகமான கையொப்பமில்லாத அப்லெட்டுகளைப் பொதுவாகத் தடுத்தது. அப்லெட்டுகள் இன்று வழக்கொழிந்தன. ஏனைய மென்பொருள்களுக்கு அவ்வெச்சரிக்கை நீடிக்கின்றது.

மென்பொருளில் இடும் மின்கையொப்பம் இரண்டையே உறுதிசெய்யும்: வெளியிட்டவர் இன்னார், கையொப்பமிட்டபின் எவரும் அதை மாற்றவில்லை. மென்பொருள் நல்லதென்று அது சொல்வதில்லை. அரக்கு முத்திரையிட்ட கடிதத்திலும் பொய் இருக்கலாமன்றோ?

முத்திரையே களவு போவதும் உண்டு. 2010இல் அகப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சுநிரலின் சில பகுதிகள், தைவான் நிறுவனங்கள் இரண்டிடமிருந்து திருடப்பட்ட சான்றிதழ்களால் ஒப்பமிடப்பட்டிருந்தன.

ஆகவே, பெயர் தெரியாததை விலக்குவோம். பெயர் தெரிந்ததாயினும், இது நமக்கு வேண்டியதுதானா, உரியவரின் தளத்திலிருந்தே வந்ததா என்று ஆராய்வோம். படலைக்குக் காட்டும் விழிப்பைத் திரைக்கும் காட்டுதல் நம் கடனாகும்.