பத்து கிலோமீட்டர்னா அவ்ளோ இளப்பமா?

ஜனவரி வந்தா சென்னைல மாரத்தான் ஜுரம். "முழுசா, பாதியா?"ன்னு கேப்பாங்க. "பத்து கிலோமீட்டர்"னு சொல்லிப் பாருங்க, "அவ்ளோதானா?"ன்னு ஒரு பார்வை வரும். அந்தப் பார்வைக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல, இந்த 42.195 என்ன வேதவாக்கா? 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்ல ஓடினது ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 1908-ல லண்டன்ல வின்ட்சர் கோட்டைல தொடங்கி, அரச குடும்பம் உட்கார்ந்த மாடத்துக்கு முன்னாடி முடிச்சாங்க. அந்தக் கணக்குதான் 42.195. அதையே 1921-ல நிரந்தரமாக்கிட்டாங்க. ராஜா வீட்டு வசதிக்கு அளந்த தூரத்தை வச்சு நம்ம பசங்களை எடை போடறது என்ன நியாயம்?

பழவேற்காட்டுக் குப்பங்கள்ல இருக்கற ஒரு இளைஞனை நினைச்சுப் பாருங்க. ராத்திரி தொழிலுக்குப் போயிட்டு, வலை இழுத்த தோளோட விடியக்காலைல கரைக்கு வர்றான். மாரத்தானுக்குத் தயாராக நாலு மாசம் வேணும். வாரக் கடைசில 30 கிலோமீட்டர் ஓடணும். தூக்கத்துல கை வச்சாத்தான் அது நடக்கும். "தடைக்காலத்துல ஓடலாமே"ன்னு ஒரு அறிவாளி சொல்வார். ஐயா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்ல. போதாக்குறைக்கு அது கத்திரி வெயில் காலம்!

அதே பையன் வாரத்துக்கு மூணு நாள், முக்கால் மணி நேரம் ஓடினா பத்து கிலோமீட்டருக்குத் தயாராயிடலாம். ஓடி முடிச்சு ரெண்டு நாள்ல பழையபடி தொழிலுக்குப் போகலாம்.

குறைஞ்ச தூரம்னா சுலபம்னு யார் சொன்னது? தூரம் குறைஞ்சா வேகம் கூடும், மூச்சு கடைசி வரைக்கும் இரைக்கும். 2017-ல புவனேஸ்வர்ல நடந்த ஆசியத் தடகளத்துல 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ரெண்டுலயும் தங்கம் வாங்கினவர் நம்ம புதுக்கோட்டை லட்சுமணன். அவர்கிட்ட போய் "அவ்ளோதானா?"ன்னு கேப்பீங்களா?

ஸ்வீடன்ல 1922-லேர்ந்து வாசலோப்பெட்னு ஒரு பனிச்சறுக்கு ஓட்டம் நடக்குது, 90 கிலோமீட்டர். அதை நடத்தறவங்களே 45, 30 கிலோமீட்டர் போட்டியும் வைக்கறாங்க. வேலை, குடும்பம்னு இருக்கறவனுக்கும் பனில இடம் உண்டுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

எங்க ஏரில 'பாடு'ன்னு ஒரு முறை உண்டு. நல்ல மீன் கிடைக்கற இடத்துல முறை வச்சுத்தான் வலை போடணும். உன் முறைல முழு மூச்சா உழை, முடிஞ்சதும் விலகு. நம்ம உடம்பும் ஒரு ஏரிதான் சாமி. ஒரே நாள்ல வழிச்சு எடுத்துட்டா அடுத்த நாளுக்கு என்ன மிஞ்சும்?

மாரத்தான் பிடிச்சவங்க தாராளமா ஓடுங்க, கை தட்டறேன். என் சண்டை அந்த இளக்காரத்தோடதான். அடுத்த தடவை ஒருத்தர் ஓடிட்டு வந்தா "எவ்ளோ தூரம்?"னு கேக்காதீங்க. "அடுத்து எப்போ?"ன்னு கேளுங்க. திரும்பத் திரும்ப ஓட முடியறவன்தான்யா ஓட்டக்காரன்.