படிகாரத்தில் அலுமினியம் இல்லையா?

“கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. வியர்வை வாடைக்கு, அலுமினியம் இல்லாத பொருள் என்று அக்குளில் படிகாரம் தேய்க்கிறார். தேய்க்கலாமா?”
- வாசகி, ஆழ்வார்திருநகரி.

“படிகாரமே அலுமினிய உப்புதான். கல்லாகக் கிடைப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். தோல் வழியே சேரும் அலுமினியம் மிகக் குறைவு. அதையும் நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தில் அது தேங்கலாம். அமெரிக்காவில், வியர்வையை அடக்கும் அலுமினியப் பூச்சுகளின் மேலுறையிலேயே, சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று அச்சிடுகிறார்கள். உங்கள் மருத்துவரைக் கேட்கும்வரை படிகாரத்தை நிறுத்திவையுங்கள்.

வியர்வைக்குத் தனியாக வாடை கிடையாது. அக்குளில் உள்ள பாக்டீரியா அதைச் சிதைப்பதால் வருவதுதான். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெயில் கூவைக்கிழங்கு மாவைக் குழைத்துத் தடவலாம். உங்கள் ஊர் வெயிலுக்கு இது இறுகாது; கொஞ்சம் தேன்மெழுகு உருக்கிச் சேருங்கள். ஆப்ப சோடா வேண்டாம், தோல் எரியும். வியர்ப்பது நிற்காது, வாடை குறையும்.”