கெழுவுக்கு முன்னே படம்

பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட உப்பிலியபுரம் வட்டாரம் போன்ற கடினப்பாறைப் பகுதிகளின் கிணற்று நீரை ஆராயும் கட்டுரைகளில் ஒட்டுறவுக் கெழுக்களின் அட்டவணை தவறாமல் இடம்பெறுகிறது. அந்த எண்கள் எந்தப் புள்ளிகளிலிருந்து பிறந்தன என்று காட்டும் சிதறல் வரைபடத்தைத்தான் காண முடிவதில்லை. கிணற்றுக்கு ஒரு புள்ளியாக, ஒரு மாறியைக் கிடை அச்சிலும் மற்றதைச் செங்குத்து அச்சிலும் குறிப்பது சிதறல் வரைபடம். அப்புள்ளிகள் ஒரு நேர்கோட்டை எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்பதை −1 முதல் +1 வரையிலான ஓர் எண்ணாகச் சுருக்குவது, கார்ல் பியர்சன் 1896இல் வகுத்த கெழு. அச்சுருக்கத்தில் எவ்வளவு விடுபடும் என்பதை 1973இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் காட்டினார்: பதினொரு புள்ளிகள் கொண்ட அவருடைய நான்கு தொகுதிகளிலும் கெழு ஏறத்தாழ 0.82தான் என்றாலும், ஒன்றில் புள்ளிகள் வளைந்து செல்கின்றன, இன்னொன்றில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக ஒரே வரிசையில் நிற்க, விலகிக் கிடக்கும் ஒற்றைப் புள்ளியே கெழு முழுவதையும் உண்டாக்குகிறது.

நீராய்வில் அடிக்கடி எதிர்ப்படும் இணை, மின்கடத்துதிறனும் மொத்தக் கரைதிடப்பொருளும். கரைந்த உப்புகள் அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைக் கடத்துவதால் இவை சேர்ந்து உயர்வது இயல்பே. ஆனால் களத்துக்கு எடுத்துச் செல்லும் கையடக்க மீட்டர் கரைதிடப்பொருளை அளப்பதே இல்லை. மின்கடத்துதிறனை அளந்து, 0.64 போன்ற ஒரு காரணியால் பெருக்கி, சென்டிமீட்டருக்கு 1,000 மைக்ரோசீமென்ஸ் உள்ள நீருக்கு லிட்டருக்கு 640 மில்லிகிராம் என்று திரையில் காட்டிவிடுகிறது. அவ்விரண்டுக்கும் இடையே 0.99 கிடைத்ததென்று எழுதுவது, ஓர் எண் தன் மடங்கோடு ஒத்துப்போவதைக் கண்டு வியப்பதாகும். நீரை ஆவியாக்கி, எச்சத்தை 180 டிகிரி செல்சியஸில் உலர்த்தி எடைபோட்ட மதிப்பென்றால் கதை வேறு: கோட்டை விட்டு விலகும் புள்ளி சல்பேட் மிகுந்த நீரையோ ஆய்வகப் பிழையையோ சுட்டலாம், அந்த மாதிரியை மீண்டும் சோதிக்கவும் வழி பிறக்கும்.

மலையடிவாரக் கிணறுகளையும் சமவெளிக் கிணறுகளையும் ஒரே பட்டியலில் கலப்பதிலும் இடர் உண்டு. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் குளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் தொடர்பே இல்லாதபோதும், ஒரு தொகுதியில் இரண்டும் குறைந்தும் மற்றதில் இரண்டும் மிகுந்தும் இருந்தால், கலந்த பட்டியலில் கெழு உயர்ந்துவிடும். படத்தில் இரு கொத்துகளாகப் பளிச்சென்று தெரிவது அட்டவணையில் தெரியாது. மழையையும் நீர்மட்டத்தையும் ஒப்பிடுவோர், வடகிழக்குப் பருவமழை நீர் பாறைப் பிளவுகளில் இறங்கப் பிடிக்கும் காலத்தைக் கருதி, ஒரு மாதம், இரு மாதம் தள்ளியும் வரைந்து பார்க்க வேண்டும்.

அட்டவணையின் அளவே இன்னொரு சிக்கல். பன்னிரண்டு அளவுருக்களில் 66 இணைகள் அமைவதால், 5 விழுக்காட்டு மட்டத்தில் மூன்று இணைகளேனும் தற்செயலாகவே முக்கியமானவையாகத் தோன்றலாம். பருவமழையை முன்கணிக்க எண்ணற்ற கெழுக்களைக் கணித்த இந்திய வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரே, பலவற்றில் மிகப் பெரியதைப் பொறுக்கி எடுப்பதிலுள்ள இந்த ஆபத்தை 1914இல் எழுதிவைத்தார்.

ஆகவே இவ்விதழுக்கு வரும் கட்டுரைகள், முடிவுகளுக்கு ஆதாரமாகும் ஒவ்வொரு கெழுவுடனும், அடிவாரக் கிணறுகளையும் சமவெளிக் கிணறுகளையும் வேறு குறியீடுகளால் காட்டும் சிதறல் வரைபடத்தை இணைப்பதோடு, கரைதிடப்பொருள் எடைபோட்டுப் பெறப்பட்டதா, மீட்டரில் படிக்கப்பட்டதா என்பதையும் குறிப்பிட வேண்டும்.