மறதிக் கோட்டையில் ஒரு சீட்டுச் சண்டை

உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி. அதன் திரை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதற்குள் ஒரு கோட்டை! வீரர்கள்! மந்திரம்! சண்டை!

2004-ம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த வீடியோ விளையாட்டு அது. பெயர், "கிங்டம் ஹார்ட்ஸ்: செயின் ஆஃப் மெமரீஸ்". நினைவுச் சங்கிலி என்று பொருள். "கேம்பாய் அட்வான்ஸ்" என்ற கைக்கருவிக்காக அது செய்யப்பட்டது.

கதாநாயகன் சோரா என்ற சிறுவன். டொனால்டு வாத்து அவனுக்குத் துணை. அவர்கள் ஒரு விசித்திரக் கோட்டைக்குள் நுழைகிறார்கள். ஒவ்வொரு மாடியாக ஏற ஏற, சோராவின் பழைய நினைவுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன.

சண்டை எப்படி?

அடி, மந்திரம் எல்லாமே சீட்டுதான். சீட்டுகளில் 0 முதல் 9 வரை எண்கள் இருக்கும். பெரிய எண் சின்ன எண்ணை வெல்லும். ஆனால் 0 பொல்லாதது. அதை முதலில் போட்டால் எதிரியின் எந்தச் சீட்டும் அதை முறித்துவிடும். எதிரி போட்ட பிறகு போட்டாலோ, 9-ஐயும் அது முறித்துவிடும்!

மூன்று சீட்டுகளைச் சேர்த்துப் போட்டால் பலத்த அடி விழும். ஆனால் அதற்கு விலை உண்டு. மூன்றில் முதல் சீட்டு அந்தச் சண்டை முடியும்வரை திரும்பி வராது. ஒன்றைப் பெற வேண்டுமானால் இன்னொன்றை இழக்க வேண்டும். கதையும் அதுதான், ஆட்டமும் அதுதான்.

விளையாட்டுக்கே மறதி

இப்போது அந்த மறதி விளையாட்டுகளையே பிடித்திருக்கிறது.

2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 100-க்கு 87 கடையில் கிடைப்பதில்லை என்று 2023-ல் ஓர் ஆய்வு கூறியது. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ கம்பெனி தனது "3டிஎஸ்" கைக்கருவிக்கான இணையக் கடையை மூடியது. அங்கே மட்டும் விற்ற விளையாட்டுகளைப் பிறகு யாரும் புதிதாக வாங்க முடியவில்லை.

சோராவின் கதை தப்பியது. 2007-ல் பெரிய திரைக்காக அதைப் புதிதாகச் செய்தார்கள். ஆனால் சின்னத் திரைக்காக வரைந்த பழைய ஆட்டத்தை அப்படியே ஆட வேண்டுமானால், பழைய கேசட்டையும் பழைய கருவியையும் தேட வேண்டும்.

காப்பது யார்?

ஜப்பானின் தேசிய நூலகம் 2000-ம் ஆண்டு முதல், புத்தகங்களைப் போலவே கடையில் விற்கும் விளையாட்டுகளையும் சேர்த்து வருகிறது. அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கோரிக்கை வைத்தார்கள். கடையில் கிடைக்காத விளையாட்டுகளை, நூலகத்துக்கு வராமல் வெளியிலிருந்தே ஆடிப் பார்க்க அனுமதி வேண்டும் என்றார்கள். வியாபாரம் கெடும் என்று கம்பெனிகள் எதிர்த்தன. 2024 அக்டோபரில் அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம் அனுமதி மறுத்தது.

படைத்தவருக்கு உரிமை உண்டு. அதில் சந்தேகமில்லை. ஆனால் விற்கவும் மாட்டோம், காட்டவும் விடமாட்டோம் என்றால், யாருக்கு லாபம்?

நின்டெண்டோ 1889-ல் கியோட்டோ நகரில் தொடங்கியபோது செய்து விற்றது, பூப்படம் போட்ட காகிதச் சீட்டு! அந்தக் காலத்துச் சீட்டுக்கட்டு ஒன்று கிடைத்தால், இன்றும் திண்ணையில் உட்கார்ந்து ஆடலாம். மின்சாரச் சீட்டு அப்படியல்ல. அதை யாராவது காப்பாற்றி வைத்தால்தான் பேரப்பிள்ளைகள் ஆட முடியும்.