தேநீர் நிறத்தில் ஒயில்



மாரி காலத்தில் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரைக்குப் போகும் வீதிகளை வெள்ளம் மூடிவிடும். களுவாஞ்சிக்குடியிலிருந்து களப்பணிக்குப் போன நான் ஒருநாள் அதில் மாட்டிக்கொண்டேன். ஸ்கூட்டர் எஞ்சின் இரைந்தது, சில்லு சுழலவில்லை.

மீன் விற்று வந்த அக்கா ஒருவர் நின்றார். "பெல்ட் நனைஞ்சி வழுக்குது மிஸ், காயட்டும். வீட்ட போய் கியர் ஒயில வடிச்சிப் பாருங்க" என்றார். வடித்தேன், பால்தேநீர் போல வந்தது. தண்ணீர் கலந்த ஒயில் பற்சக்கரங்களைக் காக்காது. அவை தேயும், துருப்பிடிக்கும். புது ஒயில் மாற்றினேன்.

கணவர் காணாமற்போன பின் தன் ஸ்கூட்டரைத் தானே பராமரிக்கப் பழகியவர் அவர். அது நின்றால் அன்று வீட்டில் உலையில்லை.

வெள்ளத்தில் ஓடினீர்களா? ஒயிலின் நிறத்தை நீங்களே பாருங்கள்.