கருவி சுருங்கும், அலை சுருங்காது



"ஓடும்போது எடுத்துச் செல்ல மிகச் சிறிய வாக்கி டாக்கி எது, ஐயா?" என்று என் மாணவர் ஒருவர் அண்மையில் கேட்டார். அவர் கல்லூரியின் நெடுந்தூர ஓட்டக்காரர். அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதி உரிமமும் பெற்றிருக்கிறார். இலாபம் கருதாமல், கற்கும் ஆர்வத்தால் சொந்த வானொலி நிலையம் வைத்துப் பிறருடன் பேசுவோரை அமெச்சூர் வானொலியாளர் என்பார்கள், சுருக்கமாக 'ஹாம்'. நானும் அவர்களில் ஒருவன்.

கேள்வி எளியதுதான். ஆனால் நான் உடனே விடை கூறவில்லை. இதே கேள்விக்கு ஒருமுறை தவறான விடை கண்டு, அதன் பலனை அனுபவித்தவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன், காலையில் ஏரிக்கரையில் ஓடும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. கைக்குள் மறையக்கூடிய ஒரு வானொலியை ஆசையோடு வாங்கினேன். அதன் திறன் ஒன்றரை வாட். இடுப்புப் பையில் படுக்க வைத்துவிட்டு ஓடுவேன். காதில் ஒலிவாங்கியுடன் கூடிய கம்பி இருக்கும். 3 கி.மீ. தொலைவில் என் நண்பர் வீடு. அவரும் ஒரு ஹாம். மாடியில் ஆன்டெனா வைத்திருக்கிறார். அலைபேசியை வீட்டிலேயே விட்டுவிட்டு, இந்தச் சிறிய கருவியை நம்பிச் செல்வதில் எனக்கு ஒரு பெருமை.

ஒரு நாள் கரையில் நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை சுற்றி விழுந்துவிட்டார். அருகில் வேறு யாரும் இல்லை. பொத்தானை அழுத்தி நண்பரை அழைத்தேன். "இரைச்சல்தான் கேட்கிறது, மறுபடி சொல்லுங்கள்" என்றார். மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அதே பதில். பிறகு கருவியைப் பையிலிருந்து எடுத்து, கம்பியைக் கழற்றிவிட்டு, மதகுச் சுவரின்மேல் ஏறி, ஆன்டெனா நேராக நிற்கும்படி முகத்துக்கு நேரே பிடித்துப் பேசினேன். "இப்போது தெளிவாகக் கேட்கிறது!" என்றார். கால் மணி நேரத்தில் வண்டி வந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

அதே கருவி, அதே மின்கலம், அதே ஒன்றரை வாட். பின் எது மாறியது? இதை எண்ணிப் பார்த்தபோதுதான், சிறிய கருவியைத் தேடுவோர் எல்லோரும் செய்யும் பிழை எனக்குப் புரிந்தது.

கருவிகள் சுருங்கிய கதையை முதலில் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் 'எஸ்.சி.ஆர்.-536' என்ற கைவானொலியைப் பயன்படுத்தினர். அதில் 5 வால்வுகள் இருந்தன. எடை சுமார் 2.3 கிலோகிராம். ஆன்டெனாவை வெளியே இழுத்தால்தான் கருவி இயங்கும். நிலத்தில் ஏறத்தாழ ஒரு மைல் தொலைவுக்குப் பேசலாம். பிறகு வால்வுகள் போய் டிரான்சிஸ்டர் வந்தது; தொகுப்புச் சுற்றுகள் வந்தன; லித்தியம் மின்கலம் வந்தது. 1997-இல் ஜப்பானின் யேசு நிறுவனம் வெளியிட்ட 'வி.எக்ஸ்.-1ஆர்' என்ற ஹாம் வானொலியின் எடை 125 கிராம்தான். உயரம் 81 மி.மீ., அகலம் 47 மி.மீ. திறன் அரை வாட். அதன் வழிவந்த 'வி.எக்ஸ்.-3ஆர்' 2007-இல் வந்தது. எடை 130 கிராம், திறன் ஒன்றரை வாட். அலின்கோ நிறுவனத்தின் 'டி.ஜே.-சி5' இன்னும் வியப்பானது. அதன் தடிமன் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். சட்டைப் பையில் அடங்கிவிடும். ஆனால் திறன் 0.3 வாட்தான்.

இவ்வளவு சுருங்கிய கருவியில் சுருங்காத பொருள் ஒன்று உண்டு. அதுதான் அலைநீளம். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் 300-ஐ வகுத்தால் விடை மீட்டரில் வரும். ஹாம்கள் பயன்படுத்தும் 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 2 மீட்டர். 435 மெகாஹெர்ட்ஸில் சுமார் 69 செ.மீ. கையில் பிடிக்கும் கருவிக்கு அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு நீளமுள்ள ஆன்டெனா பொருத்தமானது. முதல் அதிர்வெண்ணுக்கு இது 52 செ.மீ.; இரண்டாவதற்கு 17 செ.மீ.

எந்த விஞ்ஞானியாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. கம்பியைச் சுருள் போலச் சுற்றி, ரப்பர் உறையிட்டு, விரல் நீளத்துக்குள் அடக்கலாம். சிறிய கருவிகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஆன்டெனா குட்டையாகக் குட்டையாக, ஊட்டப்படும் மின்திறனில் அலையாக வெளியேறும் பங்கு குறைந்து, வெப்பமாக வீணாகும் பங்கு கூடுகிறது.

இன்னொன்றும் உண்டு. நாம் கண்ணால் காணும் ஆன்டெனா பாதிதான். மறுபாதியின் வேலையைக் கருவியின் உலோகப் பகுதியும் அதைப் பிடித்திருக்கும் கையும் செய்கின்றன. கருவி சிறுத்தால் அந்த மறுபாதியும் சிறுத்துவிடுகிறது. இதை ஈடுசெய்யச் சில ஹாம்கள் ஆன்டெனாவின் அடியில் அரை மீட்டர்க் கம்பி ஒன்றை வால் போலத் தொங்கவிடுவார்கள்.

"ஐயா, அலைபேசியில் வெளியே ஆன்டெனாவே இல்லையே, அது எப்படி வேலை செய்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! அலைபேசி பயன்படுத்தும் 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 17 செ.மீ.தான், அதில் நாலில் ஒரு பங்கு சுமார் 4 செ.மீ. அது உறைக்குள்ளேயே அடங்கிவிடும். தவிர, அலைபேசி நேராக உங்கள் நண்பரிடம் பேசுவதில்லை. அருகிலுள்ள கோபுரத்திடம்தான் பேசுகிறது. உங்கள் பைக்குள் இருப்பது சிறியது. அதற்காக வெளியே நிற்பது பெரியது.

இனி ஏரிக்கரைக்கு வருவோம். அன்று என் கருவி இடுப்பில் உடலை ஒட்டி இருந்தது. நம் உடலில் பெரும்பகுதி உப்புக் கலந்த நீர். வானொலி அலையின் ஆற்றலை அது நன்றாக உறிஞ்சும். அடுத்து, ஆன்டெனா படுத்திருந்தது. நண்பரின் ஆன்டெனாவோ செங்குத்தாக நின்றது. இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் கூடக்கூட, கிடைக்கும் திறன் அக்கோணத்தின் கொசைனின் இருபடிக்கு ஏற்பக் குறையும். 60 பாகை சாய்ந்தால் கால் பங்குதான் கிடைக்கும். 90 பாகையானால், கணக்கின்படி ஒன்றுமே கிடைக்காது. சுவர்களிலும் மரங்களிலும் பட்டுத் திரும்பும் அலைகளால்தான் ஏதோ சிறிது கேட்கும். ஓடும்போது வீசும் கையில் கருவியைப் பிடித்தால் பேச்சு விட்டு விட்டுக் கேட்பதற்கும் இது ஒரு காரணம்.

உயரமும் ஒரு காரணம். பூமி உருண்டை ஆகையால் அலை செல்லும் தொலைவுக்கு ஓர் எல்லை உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். தலை உயரத்தில், அதாவது 1.7 மீட்டரில், இது 5 கி.மீ. சொச்சம். 400 மீட்டர் உயரக் குன்றில் 82 கி.மீ.! இதனால்தான் ஹாம்கள் குன்றுகளின் மேல் 'ரிப்பீட்டர்' என்னும் நிலையத்தை அமைக்கிறார்கள். உங்கள் மெல்லிய அலையை வாங்கி, வலுவாக்கி, அது மீண்டும் ஒலிபரப்புகிறது.

ஆகவே என் கருத்து இதுதான். 'மிகச் சிறியது எது?' என்று கேட்பது தவறான தொடக்கம். 'யாரிடம் பேச வேண்டும், எவ்வளவு தொலைவு, எவ்வளவு நேரம்?' என்றே கேட்க வேண்டும். சிறிய வானொலி நல்ல கேட்பான். பேசுவதில் மட்டும் அது பிறர் உழைப்பை நம்பியிருக்கிறது. யாரோ ஒருவர் உயரமான இடத்தில் பெரிய ஆன்டெனாவைப் பராமரிப்பதால்தான் நம் கருவி சிறிதாக இருக்க முடிகிறது.

இதற்கு மறுப்பும் உண்டு; என் மாணவரே சொன்னார். "பெரிய கருவியை நான் வீட்டில் வைத்துவிட்டுத்தான் ஓடுவேன். கூட வருவதுதானே ஐயா உதவும்?" இதில் உண்மை இருக்கிறது. கால் கிலோ எடை உடம்பில் மோதிக்கொண்டிருந்தால் 10 கி.மீ. ஓடுவது துன்பம்தான். திறனைக் குறைப்பதில் நட்டமும் நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை. 5 வாட்டை 1.25 வாட்டாகக் குறைத்தாலும் அலையின் புலவலிமை பாதியாகத்தான் குறையும். மின்கலமும் சிறிதாக இருக்கலாம். 3.7 வோல்ட், 1000 மில்லி ஆம்பியர்-மணி மின்கலத்தில் இருப்பது 3.7 வாட்-மணி ஆற்றல். ஒன்றரை வாட் அலை அனுப்ப 4.5 வாட் செலவாகும் என்று கொண்டால் சுமார் 50 நிமிடம் இடைவிடாது பேசலாம். மூச்சு வாங்க ஓடுபவர் அவ்வளவு நேரம் பேசப் போவதில்லை!

எனவே திறனைக் குறையுங்கள், மின்கலத்தைக் குறையுங்கள், ஆன்டெனாவை மட்டும் குறைக்காதீர்கள் என்பதே நான் அவருக்குச் சொன்ன விடை. ஓட்டக்காரர் 435 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தால் 17 செ.மீ. வளையும் கம்பியே முழு ஆன்டெனா ஆகிவிடும். அடர்ந்த மரக்கூட்டங்களில் இந்த அலை சற்றுக் கூடுதலாக நலியும் என்பது உண்மை. ஆயினும் முகத்தில் அடிக்கும் 52 செ.மீ. கம்பியைவிட இது மேல். கருவியை இடுப்பில் கட்டாமல் தோள்பட்டை வாரில், ஆன்டெனா நிமிர்ந்து நிற்கும்படி பொருத்துங்கள். வியர்வை புகாத உறை வேண்டும். காதொலிப்பான் ஒரு காதில் மட்டும் இருக்கட்டும். மறு காது சாலைக்கு உரியது.

அலைபேசி இருக்க இதெல்லாம் வீண் வேலை என்று எண்ணாதீர்கள். பாஸ்டன் நகர மராத்தான் 42.195 கி.மீ. ஓட்டம். அதன் வழியெங்கும் முதலுதவி நிலையங்களில் ஹாம்கள் தொண்டு செய்கிறார்கள். 2013 ஏப்ரல் 15 அன்று முடிவுக் கோட்டருகே குண்டுகள் வெடித்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்ததால் அலைபேசி இணைப்புகள் திணறின. ஹாம்களின் வானொலித் தொடர்பு அப்போதும் நடந்துகொண்டிருந்தது. ஆயினும் ஒன்று சொல்வேன்: என்னைப் போல் வீண் பெருமைக்காக அலைபேசியை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். ஒன்று கைவிட்டால் மற்றொன்று கைகொடுக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மலிவான கருவி கிடைக்கிறதே என்று வாங்கிப் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். உரிமம் இன்றி ஒலிபரப்புவது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். அதற்கான தேர்வை உயர்நிலைப் பள்ளி மாணவரும் எழுதலாம். மின்னியலும் ஒலிபரப்பு விதிகளும்தான் பாடம். உங்கள் இயற்பியல் புத்தகமே பாதி வழி அழைத்துச் செல்லும்.

அதுவரை, உரிமம் தேவைப்படாத சோதனை ஒன்று செய்து பாருங்கள். வீட்டிலுள்ள பண்பலை வானொலியில் சற்று மங்கலாகக் கேட்கும் நிலையம் ஒன்றைப் பிடியுங்கள். ஏரியல் கம்பியை முழுதும் இழுத்தும், பாதி மடக்கியும், படுக்க வைத்தும், உடலோடு அணைத்தும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒலி எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் நான் தாமதமாகக் கற்ற பாடத்தை உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கற்றுவிடுவீர்கள்.